குறைமாதக் குழந்தையும் சீம்பாலும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

தோழியரே, பசு கன்று ஈன்ற வீட்டில் முதல் இரண்டு மூன்று நாள் கறக்கும் பாலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மஞ்சளாகவும் கெட்டியாகவும் இருக்கும். அடுப்பில் வைத்தால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். அதில் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்த்து அவித்து, துண்டு போட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தனுப்புவார்கள். அதுதான் சீம்பால். ஆனால் கன்று குடித்தது போக மிச்சம் இருப்பதே நமக்கு. பிறந்த கன்று தள்ளாடித் தள்ளாடி எழுந்ததும் அதன் வாயை மடியில் சேர்த்துச் சீம்பாலைக் குடிக்க வைப்பதில் மாடு வளர்ப்போர் மிகவும் கருத்தாக இருப்பார்கள்.

அதே வீட்டில் மனிதக் குழந்தை ஒன்று பிறந்தால் என்ன நடக்கிறது? தாயிடம் முதலில் சுரக்கும் மஞ்சள் நிறப் பாலை 'கெட்ட பால்' என்றும் 'செரிக்காத பால்' என்றும் சொல்லிப் பீய்ச்சிக் கீழே விட்டுவிடும் வழக்கம் நம் நாட்டின் பல ஊர்களில் இருந்தது. இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதற்குப் பதிலாகச் சேனை வைப்பது என்று சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாக்கில் தடவுவார்கள். கழுதைப் பால் வாங்கிப் புகட்டுவோரும் உண்டு. கன்றுக்குக் கிடைக்கும் நியாயம் குழந்தைக்குக் கிடைப்பதில்லை.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கே இது தீங்கு என்றால், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எத்தனை பெரிய தீங்கு என்பதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

தாயின் வயிற்றில் குழந்தை வளரும் காலம் ஏறத்தாழ 40 வாரம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறார்கள். 32 வாரத்திற்கு முன் பிறந்தால் மிகவும் குறைமாதம். 28 வாரத்திற்கும் முன் பிறந்தால் நிலைமை இன்னும் கடினம். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். வேறு எந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. ஆகவே இது ஏதோ எங்கோ ஒரு வீட்டுச் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம்.

"ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை தங்காது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது தவறான எண்ணம். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு நன்மையே. நுரையீரல் முதிர்கிறது, தோலின் கீழ் கொழுப்புச் சேர்கிறது, குடல் வலுப்பெறுகிறது. இவற்றோடு நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வரவும் உண்டு. நோய்களை எதிர்க்கத் தாயின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்கின்றன. அவற்றில் பெரும்பகுதி செல்வது கடைசி மூன்று மாதங்களில்தான். அந்த மாதங்கள் முடியுமுன் பிறந்துவிட்ட குழந்தை தன் பங்கு முழுவதையும் வாங்காமலே உலகத்திற்கு வந்துவிடுகிறது.

இங்கே மறுபடியும் கன்றை நினைத்துப் பாருங்கள். பசுவின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருள்கள் கன்றுக்குச் செல்வதில்லை. அதனால் கன்று வெறுங்கையோடுதான் பிறக்கிறது. சீம்பாலின் மூலமே அது தாயின் பாதுகாப்பைப் பெறுகிறது. குறைமாதக் குழந்தை முழுக்க வெறுங்கையோடு பிறப்பதில்லை என்றாலும், நிறைமாதக் குழந்தையைவிடக் கன்றின் நிலைக்கு அருகில் இருக்கிறது என்று சொல்லலாம். ஒரு வேறுபாடு உண்டு. கன்றின் குடல் சீம்பாலின் எதிர்ப்பொருளை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கிறது. மனிதச் சீம்பாலில் மிகுந்துள்ள 'இம்யூனோகுளோபுலின் ஏ' என்னும் எதிர்ப்பொருளோ பெரும்பாலும் இரத்தத்திற்குப் போகாமல், வாய் தொண்டை குடல் ஆகியவற்றின் உட்பரப்பிலேயே தங்கிக் கிருமிகள் ஒட்டாமல் தடுக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போல என்று எங்கள் ஆசிரியை விளக்கினார்கள்.

சீம்பாலில் இருப்பவை இன்னும் பல. லாக்டோஃபெரின் என்னும் புரதம் இரும்புச் சத்தைப் பற்றிக்கொள்வதால், இரும்பைத் தேடும் கிருமிகள் பட்டினி கிடக்கின்றன. உயிருள்ள வெள்ளணுக்கள் இருக்கின்றன. குழந்தையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரைகளும் இருக்கின்றன. செரிக்காத பொருள் எதற்கு என்று நான் வியந்தேன். அது குழந்தைக்கான உணவன்று. குடலில் குடியேறும் நல்ல நுண்ணுயிர்களுக்கான உணவாம்! குடலின் உட்தோல் விரைந்து முதிர உதவும் வளர்ச்சிப் பொருள்களும் இதில் உள்ளன. மஞ்சள் நிறம் வருவது கேரட்டில் உள்ள கரோட்டின் என்னும் பொருளால். கெட்டுப்போனதால் அன்று.

எல்லாவற்றிலும் வியப்பு ஒன்று உண்டு. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலும் நிறைமாதத்தில் பெற்ற தாயின் பாலும் ஒன்றல்ல. முதல் சில வாரங்களுக்குக் குறைமாதத் தாயின் பாலில் புரதம் கூடுதலாக இருக்கிறது, எதிர்ப்பொருள்களும் கூடுதல். குழந்தை முந்தி வந்தது என்பதை அறிந்தது போல அந்தப் பால் அமைந்திருக்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் என் சித்திக்கு 31ஆம் வாரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. எடை 1,350 கிராம். நான் தினமும் தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆச்சியுடன் ஆஸ்பத்திரிக்குப் போவேன். குழந்தை கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். சித்தி வயிற்றில் தையலோடு மாடியில் இருந்தார்கள். பிறந்த அன்று மாலையே நர்ஸ் அக்கா வந்து சித்திக்குக் கையால் பால் பீய்ச்சக் கற்றுக்கொடுத்தார். அரைமணி நேரம் முயன்று, ஊசி போடாத சிறு சிரிஞ்சு ஒன்றில் சேர்ந்தது ஒன்றரை மில்லிதான். அதைப் பார்த்துச் சித்தி அழுதுவிட்டார்கள். "இது எந்த மூலைக்குப் போதும்?" என்று கேட்டார்கள்.

ஆச்சியோ வேறு எண்ணத்தில் இருந்தார்கள். "பிள்ளைக்குத் தொண்டை காஞ்சு கெடக்கும். இந்தப் பாலு மஞ்சளா கெட்டியா இருக்கு, செமிக்காது. ரெண்டு சொட்டு சீனித்தண்ணி தொட்டு வச்சா என்ன?" என்று சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுவந்த கிண்ணத்தை வெளியே எடுத்தார்கள். நர்ஸ் அக்கா கோபிக்கவில்லை. "ஆச்சி, ஒங்க வீட்டுப் பசு கன்னு போட்டா, கன்னுக்குச் சீம்பால் விடாம கறந்து கொட்டிருவியளா?" என்று மட்டும் கேட்டார். (இக்கட்டுரையின் தொடக்கத்தில் நான் சொன்ன ஒப்புமை அவருடையதே.) ஆச்சி பதில் சொல்லவில்லை. கிண்ணத்தைத் துணியில் சுற்றித் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஒன்றரை மில்லி எப்படிப் போதும்? கணக்குப் பார்த்தால் விளங்கும். இவ்வளவு சிறிய குழந்தைக்கு முதல் நாளிலேயே வயிறு நிறையப் பால் கொடுப்பதில்லை. உடலுக்கு வேண்டிய நீரும் சர்க்கரையும் இரத்தக் குழாய் வழியாகவே செல்லும். குடலைப் பழக்குவதற்காக மட்டும், ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லி அளவில் தொடங்குவது வழக்கம். இரண்டு மணிக்கு ஒரு முறை என்று பிரித்தால் ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிதான் வரும். வேலையின்றிக் கிடக்கும் குடல் மெலிந்துபோகும். அதற்கு வேலை கொடுக்க அந்த ஒன்றிரண்டு மில்லி போதும். பிறகு நாளுக்கு நாள் கூட்டி, கிலோவுக்கு 150 மில்லி அல்லது அதற்கும் மேல் கொண்டுபோவார்கள்.

மிகவும் நலிந்த குழந்தைக்கு அதுவும் கொடுக்க முடியாத நிலை இருக்கலாம். அப்போதும் சீம்பாலை வீணாக்குவதில்லை. ஒவ்வொரு கன்னத்தின் உட்புறத்திலும் 0.1 மில்லி, அதாவது ஓரிரு சொட்டு, சில மணிக்கு ஒரு முறை தடவுகிறார்கள். வயிற்றில் இருந்தபோது குழந்தை பனிக்குட நீரைப் பருகிக்கொண்டே இருந்தது. அதன் வாயும் தொண்டையும் எப்போதும் நனைந்தே இருந்தன. வெளியே வந்ததும் அந்த இடம் வறண்டு கிருமிகளுக்குத் திறந்துவிடுகிறது. அங்கே முதலில் படுவது தாயின் சீம்பாலாக இருக்கட்டும் என்பதே நோக்கம்.

சப்பி, விழுங்கி, மூச்சும் விட்டு இம்மூன்றையும் ஒழுங்காகச் செய்யும் திறமை குழந்தைக்கு ஏறக்குறைய 34ஆம் வாரத்தில்தான் வருகிறது. அதற்கு முன் மார்பில் விட்டால் பால் மூச்சுக்குழாயில் போய்விடும். எனவே மூக்கு அல்லது வாய் வழியாக வயிறு வரை செல்லும் மெல்லிய குழாயில் பால் செலுத்துகிறார்கள். சற்றுத் தேறியதும் பாலாடை. நம் பாட்டிமார் 'சங்கு' என்று அழைக்கும் அதே மூக்கு வைத்த சிறு கிண்ணந்தான்! பெரிய ஆஸ்பத்திரியின் நவீனப் பிரிவில் அதைப் பார்த்தபோது எனக்கு ஆனந்தமாக இருந்தது. பால் புட்டியின் ரப்பர்க் காம்பைவிட இதைக் கழுவிக் கொதிநீரில் இட்டுச் சுத்தம் செய்வது எளிது. புட்டியில் பழகிய குழந்தை பிறகு தாயின் மார்பைப் பற்றத் திணறும் தொல்லையும் இல்லை.

இனி, 'ஆரம்பத்திலேயே' என்று மருத்துவர்கள் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்பதைப் பார்ப்போம். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். குழந்தை சப்பும்போது தாயின் மூளையில் உள்ள சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் சுரப்பு நீர் வெளியாகி, மேலும் பால் சுரக்கச் சொல்கிறது. நிறைமாதக் குழந்தை இந்தக் கட்டளையைத் தானே கொடுத்துவிடும். குறைமாதக் குழந்தையோ வேறோர் அறையில் பெட்டிக்குள் கிடக்கிறது. கட்டளை கொடுப்பார் யாருமில்லை. அதனால் தாயின் கையே குழந்தையின் வாயாக மாற வேண்டும். பிறந்த முதல் ஒரு மணி நேரத்திற்குள், இல்லையெனில் ஆறு மணி நேரத்திற்குள்ளாவது பீய்ச்சத் தொடங்கி, இரவு உட்பட 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை தொடர வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சீம்பாலும் போய்விடும். பின்னால் வரவேண்டிய பாலும் குறையும். பச்சை உடம்புக்காரியை இரவு இரண்டு மணிக்கு எழுப்புவது இரக்கமற்ற செயலாகச் சுற்றத்தாருக்குத் தோன்றும். எழுப்பிவிட்டு, வெந்நீரும் கொடுத்து, கூடவே விழித்திருப்பதே உண்மையான இரக்கம் என்பது என் கருத்து.

சீம்பாலும் தாய்ப்பாலும் குறைமாதக் குழந்தையைக் காக்கின்றன என்பதற்குச் சான்று என்ன என்று நீங்கள் கேட்கலாம். குறைமாதக் குழந்தைகளை அச்சுறுத்தும் நோய்களில் கொடியது ஒன்று குடலைத் தாக்குகிறது. குடலின் சுவர் வீங்கிப் புண்ணாகி, சில வேளை அழுகி ஓட்டை விழுந்துவிடும். அறுவை சிகிச்சை செய்தும் பல குழந்தைகளைக் காப்பாற்ற முடிவதில்லை. இங்கிலாந்தில் ஆலன் லூக்காஸ், டிம் கோல் என்னும் இருவர் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து 1990இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் தங்கள் முடிவை வெளியிட்டனர். தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகளைவிட, டப்பாப் பால் மட்டுமே பெற்ற குழந்தைகளுக்கு இந்நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்திருந்தது. இரண்டையும் கலந்து பெற்றவர்களைவிட டப்பாப் பால் மட்டும் பெற்றவர்களுக்கு 3 மடங்கு அதிகம். அதாவது, முழுவதும் கொடுக்க முடியாத தாய் கொடுக்கும் சிறிதளவும் வீண்போவதில்லை. சித்தி அழுத அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அதே லூக்காஸ் குழுவினர் 1992இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். குறைமாதத்தில் பிறந்த 300 குழந்தைகளை ஏழரை, எட்டு வயதில் சோதித்தபோது, தாயின் பாலைப் பெற்றிருந்தவர்கள் அறிவுத்திறன் தேர்வில் 8 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றனர். தாயின் படிப்பு, குடும்ப நிலை முதலியவற்றைச் சரிசெய்து கணக்கிட்ட பிறகு வந்த வேறுபாடு இது. தாயின் அணைப்பே காரணமாக இருக்கலாமே என்று எண்ணத் தோன்றும். ஆனால் அக்குழந்தைகள் பாலைக் குழாய் வழியாகவே பெற்றவர்கள். மேலும், பால் கொடுக்க விரும்பியும் இயலாமற்போன தாய்மாரின் பிள்ளைகளுக்கு அக்கூடுதல் கிடைக்கவில்லை. ஆகவே பாலிலேயே ஏதோ இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இதனால் அணைப்பு வேண்டாம் என்று பொருளில்லை. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரான போகோட்டாவில், 1970களின் இறுதியில் குழந்தைகளுக்குக் கண்ணாடிப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்ததால் தொற்று நோய் பரவி மடிந்தன. அங்கே எட்கர் ரே என்னும் மருத்துவர் 1978இல் ஓர் எளிய வழியைக் கண்டார். கங்காரு தன் குட்டியைப் பைக்குள் வைத்திருப்பது போல, குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திச் சேர்த்துக் கட்டச் செய்தார். வெப்பமும் அங்கே, பாலும் அங்கே. பின்னர் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. பிறந்த உடனேயே இவ்வாறு அணைக்கத் தொடங்கியவர்களில் முதல் 28 நாளில் நூற்றுக்கு 12 பேர் இறந்தனர். உடல்நிலை சீரான பிறகே தொடங்கியவர்களில் 15.7 பேர் இறந்தனர். வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். 30 லட்சம் என்ற எண்ணை நினைவிற் கொண்டு இதைப் படியுங்கள்.

தாய்க்குப் பால் வரவே இல்லை, அல்லது தாயே நோயுற்றிருக்கிறாள் என்றால் என்ன செய்வது? பிற தாய்மார் தானமாகத் தரும் பால் இருக்கிறது. 1909இல் வியன்னா நகரில் உலகின் முதல் தாய்ப்பால் வங்கி தோன்றியது. ஆசியாவின் முதல் வங்கியை 1989இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் ஏற்படுத்தியவர் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் என்னும் பெண்மணி. எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை உட்பட நம் மாநில அரசு மருத்துவமனைகளிலும் இத்தகைய வங்கிகள் உண்டு. பால் தருபவரின் இரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கி உறைய வைக்கிறார்கள். அச்சூட்டில் வெள்ளணுக்கள் அழிந்துவிடும். எதிர்ப்பொருள்களிலும் ஒரு பகுதி போய்விடும். ஆகையால் பெற்ற தாயின் பாலே முதலிடம். தானப் பால் அடுத்தது. டப்பாப் பால் வேறு வழியில்லாதபோது மட்டும். அத்தகைய டப்பாப் பாலை விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது என்பதையும் சொல்லி வைக்கிறேன். மிகச் சிறிய குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோடு புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சிறிது சேர்க்க வேண்டி வரலாம். அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

கடைசியாக ஒரு வீட்டுச் செய்தி. குழந்தைக்கு முன்னதாகவே தாயை வீட்டுக்கு அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கம். அப்போது பாலை எடுத்துச் செல்லும் பொறுப்பு வீட்டாருடையது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் இட்டெடுத்த மூடியுள்ள சிறு பாத்திரத்தில் பீய்ச்ச வேண்டும். சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரத்திற்கு மேல் வைக்கலாகாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதற்கும் முன்பே குளிரில் வைப்பது நல்லது. எங்கள் சித்தப்பா ஒரு மாத காலம் காலையும் மாலையும் பனிக்கட்டி போட்ட டப்பாவைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் சித்தியின் பெயரும் தேதியும் மணியும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். என் கையெழுத்து நன்றாக இருக்குமென்று சொல்லி, சீட்டு எழுதும் வேலையை ஆச்சி என்னிடம் கொடுத்திருந்தார்கள்.